துரை வைத்த அடகு

பொய் சொல்லவும் ஒரு அளவு வேண்டாமா? அதையும் ஆளுயரப் பலகையில் மூன்று மொழியில் அச்சடித்து, சுவரில் மாட்டி, மேலே விளக்கு வேறு போட்டு வைத்தால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்? ஷார்ஜாவில் அந்தக் கண்காட்சி மண்டபத்துக்குள் நுழைந்த ஹிஃப்ஸா பலகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். ‘உள்ளூர்ப் பெண்கள் அன்புடன் அளித்த கொடை’ என்று தமிழில் போட்டிருந்தது. கொடையாம். அன்புடனாம். அந்தத் தமிழை எழுதிக் கொடுத்தவளே அவள்தான் என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். ‘பெண்களிடம் இரவல் வாங்கியது’ என்றுதான் அவள் எழுதிக் கொடுத்தாள். அச்சுக்குப் போகிற வழியில் யாரோ இரவலைக் கொடையாக்கிவிட்டார்கள்.

பலகைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம். அரபு எழுத்தில் எழுதிய தமிழ். பிள்ளை வலி கண்டவளைச் சுற்றியிருந்து பெண்கள் ஓதுகிற மாலை என்கிற பாட்டு அது. காயல்பட்டினத்தில் பெண்கள் மட்டுமே கூடி ஓதுகிற ஒரு தைக்காவின் சொத்து. தைக்காவின் பெயர் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதே தெருவில்தான் ஹிஃப்ஸா பிறந்தாள். அவள் பிறந்தபோதும் இந்த மாலையைத்தான் ஓதினார்களாம், எல்லாம் மனப்பாடமாக. புத்தகம்தான் என்றைக்கோ கப்பலேறிப் போய்விட்டதே.

ஹிஃப்ஸா மொழிபெயர்ப்பாளர். அஜ்மானில் குடியிருந்துகொண்டு ஷார்ஜாவில் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீசுக்குத் தினமும் டிராஃபிக்கில் நெளிந்து வந்துபோகிறவள். புருஷன் ஈசாவுக்கு ருவைஸில் பிளாண்ட் டியூட்டி. லீவு கிடைத்தால்தான் வீட்டில் ஆள் தலை தெரியும். அரபு, ஆங்கிலம், தமிழ் மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கண்காட்சிக்காரர்கள் கேட்டபோது ஆபீசில் இவளை அனுப்பினார்கள். அனுப்பாமல் இருந்திருந்தால் ராஜினாமா செய்துவிட்டாவது வந்திருப்பாள். அந்தப் புத்தகத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பாமல் விடுவதில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

ஹோல்டர்பெர்க் என்று ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம். கீழைத்தேய மொழிகளுக்கென்று அங்கே துறை தொடங்கி இருநூறு வருஷமாம். அந்தக் கொண்டாட்டத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு வந்து, கடைசியில் ஷார்ஜாவிலும் கடை விரித்திருந்தார்கள். சுவரெல்லாம் அவர்கள் பெருமைதான். முதலில் வேதாகமத்தைப் புரிந்துகொள்ள எபிரேயமும் அரபும் படித்தார்களாம். அப்புறம் பாரசீகம், சமஸ்கிருதம், தமிழ். படிக்கப் புத்தகம் வேண்டுமே! பாதிரி, கலெக்டர், வியாபாரி என்று கீழ்த்திசைக்கு வந்தவனெல்லாம் ஆளுக்கொரு பெட்டி அனுப்பிவைத்தானாம். யாரிடம் எடுத்தார்கள், என்ன சொல்லி எடுத்தார்கள் என்று எழுதத்தான் எந்தப் பலகையிலும் இடம் போதவில்லை. ‘கரையானிடமிருந்து காப்பாற்றப்பட்டவை’ என்று ஒரு பலகை. அடேயப்பா! இத்தனை ஊர்க் கரையானும் இவர்கள் வருகிற வரைக்கும் பசியை அடக்கிக்கொண்டு காத்திருந்ததாக்கும்.

நடு மண்டபத்தில் தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெரிய படம். விட்டர்மான் துரை. அந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தானாம். காயல்பட்டினத்துக்கு வந்து, தமிழ் பேசி, அரபுத் தமிழையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே பண்டிதர் அந்தக் காலத்தில் அவர்தான். அதை ஹிஃப்ஸாவும் மறுக்கவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடியதும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் புத்தகத்தைப் படிக்க நாதியில்லை. ‘பிழை மலிந்த அரபு, பொருளற்றது’ என்று குறித்து நிலவறையில் போட்டுவிட்டார்கள். இது தமிழ் என்று கண்டுபிடிக்கவே நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படிக்க ஆள் இல்லாமல் சில வருஷத்துக்கு முன்னால் துறையையே மூடிவிட்டார்கள். துறை போனது, வாத்தியார் போனார், மாணவர் போனார்கள். புத்தகத்தை மட்டும் விடமாட்டார்களாம். என்ன நியாயம் இது?

அது எப்படி இரவல் என்று கேட்பீர்கள். அந்தத் தைக்காவில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஓத வேண்டுமென்றால் தன் பொருள் ஒன்றை அடகு வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போகவேண்டும். வளையலோ, வெற்றிலைச் செல்லமோ, கையில் இருப்பது. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. அடகு பெட்டியில் இருந்தால் புத்தகம் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். அடகு உடையவள் கைக்குப் போய்விட்டால் புத்தகம் அலமாரிக்கு வந்துவிட வேண்டும். தைக்காச் சாவி வைத்திருப்பவளின் மகளே வந்து கேட்டாலும் இதுதான் சட்டம்.

விட்டர்மான் ஆண்கள் மூலம் ஆள் விட்டுக் கேட்டாராம். துரையாக இருந்தால் என்ன, துரையம்மாவாக இருந்தால் என்ன, அடகு வைத்தால்தான் புத்தகம் என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்திருக்கிறது. சங்கிலியோடு இடுப்பில் தொங்கிய வெள்ளிக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்துப் போனார். பிரதி எழுதிக்கொண்டு தந்துவிடுவதாகச் சொன்னவர் தூத்துக்குடியில் கப்பலேறிவிட்டார். கடிகாரம் இன்றைக்கும் தைக்காப் பெட்டியில்தான் இருக்கிறது. மூடியில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. எத்தனையோ கஷ்டகாலம் வந்தும் யாரும் அதை விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு, சாவியோடு சேர்ந்து அது மாறிக்கொண்டே வந்தது. இப்போது ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் மாமி பொறுப்பில் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் இணையப் பட்டியலில் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் ஹிஃப்ஸா மெயில் போட்டாள். இது எங்கள் ஊர்ப் புத்தகம், திருப்பித் தாருங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதினாள். ஆவணம் உண்டா என்று பதில் வந்தது. அடகுதான் ஆவணம் என்று கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அதற்கு வந்த பதில் இருக்கிறதே! எங்கள் பேராசிரியரின் காணாமல்போன கடிகாரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நெஞ்சார்ந்த நன்றி, கொண்டாட்டக் கண்காட்சியில் வைக்க அனுப்பித் தருவீர்களா என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு ஈசா லீவில் வீட்டில் இருந்தான். “இவனுவளுக்கு முகத்துல தோலா, தோல் செருப்பா?” என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னத் மாமி மகள் பேறுகாலத்துக்காக விசிட் விசாவில் ஷார்ஜா வந்திருந்தாள். நல்லபடியாகப் பேத்தி பிறந்தாயிற்று. வரும்போதே கைப்பையில் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ஹிஃப்ஸா சொல்லித்தான் கொண்டுவந்தாள். “படத்துல காட்டினா நம்பமாட்டாங்கன்னா நேர்ல காட்டுவோம். புஸ்தகமும் இருக்கு, அடகும் இருக்கு. மாத்திக்கிட வேண்டியதுதானே? இதுல என்ன மலையைப் பொரட்டணும்?” என்று மாமி சாதாரணமாகக் கேட்டாள்.

நிறைவு விழாவுக்கு முந்தின நாள் பேராசிரியர் மார்ட்டன்ஸைப் பார்க்க மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ரூமில் நேரம் கிடைத்தது. அவர்தான் இப்போது அந்தச் சேகரிப்புக்குப் பொறுப்பாளர். நல்ல மனுஷன்தான், கை கூப்பினார், டீ கொடுத்தார், காயல்பட்டினம் என்ற பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். மாமி துணியை அவிழ்த்துக் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவர் எடுக்கக் கை நீட்டினார். மாமி கையை மூடிக்கொண்டாள்.

“பாக்கட்டும். தொடவேண்டாம்னு சொல்லு. தொட்டா வாங்கினதாயிரும். புஸ்தகத்தை வச்சுட்டுத் தொடச் சொல்லு” என்றாள்.

ஹிஃப்ஸா மொழிபெயர்த்தாள். அவர் குனிந்து பெயரைப் படித்தார். கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, அதுவும் பொய்யில்லை. “விட்டர்மான் தன் உடைமை எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தவர். சட்டப்படி பார்த்தால் இதுவும் எங்களுடையதுதான்” என்றார் ஆங்கிலத்தில்.

“எங்களிடம் இத்தனை காலமாக இருக்கிறதே?” என்று ஹிஃப்ஸா கேட்டாள்.

“இருக்கலாம். அடகாகத்தானே வைத்தார்? அடகு வைப்பதால் உரிமை மாறிவிடாது. எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் வைத்திருப்பவருக்குச் சொந்தமாகாது.”

ஹிஃப்ஸாவுக்குத் தன் காதையே நம்பமுடியவில்லை. “அப்படியென்றால் அவர் இரவல் வாங்கிய புத்தகம்?”

“அது வேறு விஷயம்” என்றார் பேராசிரியர். சட்டம் இருக்கிறது, ஆட்சிக்குழு இருக்கிறது, கொடை என்று எங்கள் பதிவில் இருக்கிறது, ஒரு பெண்மணியின் வாய்வார்த்தையை வைத்து எப்படி மாற்றுவது என்று அடுக்கிக்கொண்டே போனார். அடகு வைத்தது மட்டும் யார் வாய்வார்த்தையாம்? அதைக் கேட்டாள். இன்னொரு டீ சாப்பிடலாமே என்றார் அவர்.

மாமிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மாமி கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே, “அவரு பொருளு எங்ககிட்ட இருந்தா அவருது. எங்க பொருளு அவருகிட்ட இருந்தாலும் அவருதா? நல்லா இருக்கே இவரு கணக்கு! எதுக்கு அந்தப் புஸ்தகம், மனப்பாடமாத் தெரியும்லான்னு வேற கேப்பாரு. இவருக்கு எதுக்கு இந்தக் கடியாரம், சுவத்துல ஒண்ணு மாட்டியிருக்குலா?” என்று வெடித்தாள். ஹிஃப்ஸா அந்தக் கடைசி வார்த்தையையும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

இப்போது முகம்மது ரிபாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்களின் நல மன்றத்துக்குத் தலைவர். துபாய் தேராவில் கார்கோ கம்பெனி வைத்திருக்கிறார். நல்லவர். யாராவது மௌத்தானால் உடலை ஊருக்கு அனுப்புகிற வரைக்கும் சாப்பிடாமல் அலைவார். வேலை போனவனைத் தன் ரூமில் தங்கவைத்துச் சோறு போடுவார். அதெல்லாம் சரி. ஆனால் மேடை, மைக், விருந்தாளி மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. வருகிறவன் யாராக இருந்தாலும் பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, நின்று ஒரு போட்டோ. மன்றத்து அலமாரியில் பொன்னாடை கட்டுக்கட்டாக இருக்கிறது. கண்காட்சியின் நிறைவு விழாவில் மன்றமும் சேர்ந்துகொள்ளலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து சொன்னதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புத்தகத்தின் படங்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு மேடையில் மன்றத்துக்குத் தரப்போகிறார்களாம்.

“காக்கா, நம்ம புஸ்தகத்தைப் படம் புடிச்சு நமக்கே தாராங்க. அதுக்கு நாம கைதட்டணுமா?” என்று ஹிஃப்ஸா விழாவன்று காலையில் அவரிடம் கேட்டாள். ஊர் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்.

“நீ ஒருத்தி! விருந்தாளியா வந்தவங்ககிட்ட மல்லுக்கு நிக்கக்கூடாது புள்ள. இங்கே பெரிய அரபு அதிகாரியெல்லாம் வாராங்க. நம்ம ஊருக்குப் பேரு வேணாமா? பொறவு மெதுவாப் பேசிக்கிடலாம்” என்றார் ரிபாய்.

“எப்போ மெதுவா? நாளைக்குப் பெட்டி கட்டிருவாங்க. புஸ்தகம் பிளேன் ஏறிரும். அந்தக் கடியாரம் ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு.”

“எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். யல்லா, நீ போய் மைக்கைப் பாரு.”

மைக்கைப் பார்க்கிறவன் கிளிட்டஸ். மணப்பாட்டுக்காரன், மண்டபத்தில் சவுண்டு டெக்னீஷியன். இரண்டு நாளாக ஹிஃப்ஸாவின் முகம் கடுகடுவென்று இருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். “எங்க ஊர்க் கோயில்லயும் பழைய பாட்டுப் புஸ்தகம் ஒண்ணு இப்படித்தான்க்கா போச்சு. எங்கே போச்சுன்னே தெரியல. ஒங்களுக்காவது ஆளு ஆப்ட்டிருக்கான், விட்டுராதீங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் உடையில் மாட்டிக்கொள்ளச் சின்ன மைக் ஒன்றைக் கொடுத்தான்.

கூட்டம் நிறைந்திருந்தது. ஊர்ப் பெண்கள் அஜ்மானிலிருந்தும் தேராவிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு வந்து நடுவரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அரபு அதிகாரி ஒருவர், கையில் காவா என்கிற அரபுக் காப்பிக் கோப்பை. ஜன்னத் மாமி இரண்டாம் வரிசையில் ஓரத்தில் இருந்தாள். மேடையில் பேராசிரியர், ரிபாய், மொழிபெயர்க்க ஹிஃப்ஸா. புத்தகம் இருந்த கண்ணாடிப் பெட்டியையும் அலங்காரத்துக்காக மேடையின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் பேசினார். அறிவுக்கு எல்லை கிடையாது என்றார். புத்தகங்கள் மனிதகுலத்துக்கே சொந்தம் என்றார். ஹிஃப்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாக அரபிலும் தமிழிலும் சொன்னாள். மனிதகுலத்துக்குச் சொந்தமானது ஏன் எப்போதும் இவர்கள் நிலவறையிலேயே கிடக்கவேண்டும் என்று சேர்த்துச் சொல்ல நாக்குத் துடித்தது. கூலிக்கு மொழிபெயர்க்க வந்தவள், அடக்கிக்கொண்டாள். பென் டிரைவ் கை மாறியது. கைதட்டல். ரிபாய் பொன்னாடையை உதறிப் போர்த்தினார். பேராசிரியருக்கு அது ஜரிகைக் கரை போட்ட ஆரஞ்சு நிறம், கொஞ்சமும் பொருந்தவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ரிபாய் மைக்கை விடவில்லை.

“நம்ம ஊரு விருந்தோம்பலுக்குப் பேரு போனது. வந்தவங்களை வெறுங்கையா அனுப்பிப் பழக்கமில்லை. பேராசிரியர் அவர்களுக்கு எங்க ஊரு மக்கள் சார்பா, அவங்க மூதாதையர் நினைவா, ஒரு சின்ன அன்பளிப்பு” என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார்.

உள்ளே துரையின் கடிகாரம். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது.

ஹிஃப்ஸா சட்டென்று திரும்பி மாமியைப் பார்த்தாள். மாமி வாயில் துப்பட்டாவை வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழா தொடங்கும் முன்னால் ரிபாய் வந்து, பெரிய அதிகாரிக்குக் காட்டிவிட்டு ஒரு நிமிஷத்தில் தந்துவிடுகிறேன் என்று கேட்டதும், ஊர்ப் பெரிய மனுஷர்தானே என்று அவள் கொடுத்திருக்கிறாள். ஹிஃப்ஸா மைக் சோதனையில் இருந்த நேரம் அது. அவர் காட்டினது இப்படி! அந்தத் தைக்காவில் எத்தனை பெண்கள், எத்தனை காலமாகக் கட்டிக் காத்தது. எந்தத் துரையாலும் வாங்க முடியாததை ஒரு பொன்னாடைக்காரர் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரே சாட்சி, அதுவும் போயிற்று.

“சொல்லு புள்ள, அன்பளிப்புன்னு இங்கிலீஷ்ல சொல்லு” என்று ரிபாய் பக்கவாட்டில் முணுமுணுத்தார்.

“காக்கா, அது ஒங்க பொருளா? யாரைக் கேட்டுக் குடுத்திய?” என்றாள் ஹிஃப்ஸா. அடிக்குரலில்தான் சொன்னாள். மைக் மாட்டியிருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பேராசிரியருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. இரண்டு கையாலும் பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். குரல் தழுதழுத்தது. “ஒரு பொருள் இத்தனை காலத்துக்குப் பிறகும் அதன் உரியவர்களிடம் திரும்பி வருவது எவ்வளவு பெரிய நிறைவு! விட்டர்மான் விட்டுச்சென்றதை நேர்மையோடு திருப்பித் தந்த இந்த மக்களுக்கு என் பல்கலைக்கழகம் தலைவணங்குகிறது.”

எல்லாரும் ஹிஃப்ஸாவைப் பார்த்தார்கள். அவளுக்கோ, இந்த வார்த்தையையும் நான் என் வாயால் சொல்லவேண்டுமா, அல்லாவே என்று இருந்தது. மைக்கைக் கழற்றி வீசிவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்று கூட நினைத்தாள். அப்புறம்தான் அவர் என்ன சொன்னார் என்பது மண்டையில் ஏறியது. சொல்லட்டும், நன்றாகச் சொல்லட்டும். ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிதானமாக, முதலில் அரபில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள்.

“ஒரு பொருள் இத்தனை காலத்துக்குப் பிறகும் உரியவர்களிடமே திரும்பி வந்துவிட்டது, துரை விட்டுச்சென்றதைத் திருப்பி வாங்கிக்கொண்டதாகச் சொல்கிறார்.”

ஜன்னத் மாமி எழுந்தாள்.

“வாங்கிட்டாராமா?”

“வாங்கிட்டார் மாமி.”

“கையில வாங்கிட்டாரா?”

“ரெண்டு கையாலயும் வாங்கிட்டார்.”

“அப்போ அடகு மீண்டுபோச்சு. புஸ்தகத்தைக் கொண்டா” என்று சொல்லிக்கொண்டே மாமி மேடையைப் பார்த்து நடந்தாள்.

தைக்காவில் ஓதிப் பழகின பெண்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நடுவரிசை மொத்தமும் எழுந்தது. யாரும் கத்தவில்லை. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மேடைக்குக் கீழே நின்றார்கள். ரிபாய் பதறிப்போய், “உக்காருங்க, உக்காருங்க, போட்டோ அப்புறம் எடுக்கலாம்” என்று கையைக் கையை ஆட்டினார். போட்டோவுக்காக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார், பாவம். அவர் மைக் ஏனோ அந்த நேரம் பார்த்து வேலை செய்யவில்லை. கிளிட்டஸ் கடைசி வரிசையில் தன் சவுண்டுப் பெட்டிக்குமேல் குனிந்து ரொம்ப மும்முரமாக ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மேடை ஏறின மாமிக்கு நேராக ஹிஃப்ஸா தன் மைக்கைக் கழற்றிப் பிடித்தாள். அது நன்றாகவே வேலை செய்தது.

“அவங்கவங்க பொருளு அவங்கவங்ககிட்ட வரணும்னு சாரே சொல்லிட்டாரு. நாங்க குடுத்தாச்சு. இத்தனை பேரும் பாத்தாச்சு. இனி அவரு குடுக்கணும். அம்புட்டுத்தான். எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்.”

ஹிஃப்ஸா ஆங்கிலத்தில் சொன்னாள். முன்வரிசை அதிகாரி அரபில், “என்ன நடக்கிறது?” என்று கேட்டார். அவருக்கும் சொன்னாள். அந்தக் கடிகாரத்தை அடகு வாங்கிக்கொண்டு இவர்கள் இரவல் கொடுத்த புத்தகம்தான் பெட்டிக்குள் இருப்பது என்று சொன்னபோது, “அமானத்தா?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். “ஆமாம், அமானத்” என்றாள். நம்பி ஒப்படைத்த பொருள், கேட்டால் திருப்பித் தந்தாக வேண்டியது. அவர் காவாக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேராசிரியரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நிகழ்ச்சிக்குப் போகவேண்டும் என்று காதில் சொல்ல வந்தவனைக் கையமர்த்தி அனுப்பினார்.

பேராசிரியர் முகம் வெளுத்துப்போயிருந்தது. தான் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. “இல்லை, இல்லை, தப்பாக நினைத்துவிட்டீர்கள். இது உங்களிடமே இருக்கட்டும்” என்று மாமியிடம் கடிகாரத்தை நீட்டினார்.

மாமி இரண்டு கையையும் அபாயா அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். “மீண்ட அடகைத் திரும்பத் தொடுற வழக்கம் எங்ககிட்ட இல்ல” என்றாள்.

அவர் ரிபாயிடம் திரும்பினார். ரிபாயைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. எதிரே தன் பெண்டாட்டி, மதினி, ஊர்ப் பெண்கள் எல்லாரும் நிற்கிறார்கள். பக்கத்தில் விருந்தாளி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நாலு பேருக்கு முன்னால் போட்ட பொன்னாடையையும் கொடுத்த பரிசையும் திரும்ப வாங்கினால் மனுஷன் அப்புறம் தேராவில் தலைகாட்ட முடியுமா? “சாரி சார். குடுத்ததைத் திரும்ப வாங்குறது எங்க பழக்கத்துல மாஃபி, இல்லவே இல்ல” என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனுஷரின் மேடைப் பைத்தியம் ஊருக்கு உபயோகப்பட்டது. அவருக்கே அது தெரியவில்லை.

கடைசியில் பேராசிரியர் ஹிஃப்ஸாவிடம் வந்தார். “நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சிக்குழுவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இதை நான் எப்படி எடுத்துக்கொண்டு போவது? இது என்னுடையதில்லையே” என்றார். கெஞ்சல் குரல். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது கலங்கியது வேறு மாதிரி கலக்கம்.

இரண்டு வருஷ மெயில், பலகையில் மாறிப்போன அவளுடைய தமிழ், அது வேறு விஷயம் என்று நேற்று அவர் சொன்ன குரல், எல்லாம் சேர்ந்து ஹிஃப்ஸாவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் கை காட்டினாள்.

“இப்போது சொன்னீர்களே, என்னுடையதில்லை என்று. அதை அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்லுங்கள். அரபிலும் தமிழிலும் நான் மொழிபெயர்க்கிறேன்” என்றாள்.

அவர் திரும்பவில்லை. கடிகாரத்தை நீட்டியபடியே நின்றார். மேடையிலும் கீழேயும் அத்தனை பேர் இருந்தார்கள், அதை வாங்க ஒரு கையும் நீளவில்லை. மாமி கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு கேளு ஹிஃப்ஸா” என்றாள்.